பழைய காரில் புதிய இண்டிகேட்டர்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் முறை

பழைய காரின் இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது, பார்வைக்குப் பல்பு மாற்றுகிற வேலையைப் போலத்தான் தெரியும். எல்இடியைச் செருகி ஸ்விட்சைத் தட்டியதும், ஒன்று விளக்கு அணையாமல் எரிந்தபடியே நிற்கும், அல்லது நான்கு மூலையும் சேர்ந்து சிமிட்டும், அல்லது எதுவுமே நடக்காது. வாங்கிய பொருள் பழுது என்று முடிவுகட்டி அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் பலர். பெரும்பாலான கார்களில் பிழை வேறிடத்தில் இருக்கிறது. பழைய இழை பல்பு வெளிச்சம் தருவதோடு நிற்கவில்லை. விளக்கைச் சிமிட்டவைக்கும் சிறு கருவியான ஃபிளாஷரைச் சூடேற்றத் தேவையான மின்னோட்டத்தை இழுத்தது, டாஷ்போர்டு விளக்குக்கு எர்த்தாகவும் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) இருந்தது, பாசிட்டிவ் எது நெகட்டிவ் எது என்ற கேள்வியே எழாமல் பார்த்துக்கொண்டது. அதை எடுத்தவுடன் இந்த வேலைகளைச் செய்ய ஆளில்லாமல் போய்விடுகிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தில் வந்து முடியும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு நிபந்தனை உண்டு. பழைய பல்புகளும் பழைய ஃபிளாஷரும் இருக்கும்போதே சுற்று முழுவதும் சரியாக இயங்க வேண்டும். இயங்காத சுற்றில் புதிய பொருளைப் பொருத்தினால் பழைய பிழையும் புதிய பிழையும் கலந்துவிடும். பிறகு எதை எதிலிருந்து பிரிப்பது என்றே தெரியாது. எனவே முதலில் பழையதை இயக்கிக் காட்டுங்கள், பிறகு ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை மூன்று: ஒரு மல்டிமீட்டர், இரு முனையிலும் கிளிப் உள்ள நீண்ட வயர் ஒன்று, ஹோல்டரோடு கூடிய 21 வாட் பல்பைக் கொண்டு நீங்களே செய்த டெஸ்ட் லாம்ப். மூன்றாவதை யாரும் தவிர்க்க வேண்டாம். மல்டிமீட்டர் தனக்குள் ஏறக்குறைய மின்னோட்டமே எடுத்துக்கொள்வதில்லை. ஆகையால் துருப்பிடித்து ஆயிரம் ஓம் தடையாகிப்போன இணைப்பு வழியாகவும் அது 12 வோல்ட் என்றே காட்டும். அதே இடத்தில் 21 வாட் பல்பை வைத்தால் இழை சிவக்கக்கூட இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு காரில் பின் இண்டிகேட்டருக்கு 12.4 வோல்ட் வருகிறது என்று மீட்டர் சொன்னதை நம்பி ஒரு மாலைப்பொழுது முழுவதையும் விளக்கிலேயே கழித்திருக்கிறேன். பிழை டிக்கிக்குள் இருந்த புல்லட் கனெக்டரில் இருந்தது. அதன் உட்புறம் பச்சைப் பொடியாகியிருந்தது.

விளக்கு எரிகிறது, ஆனால் சிமிட்டவில்லை

எல்இடிக்கு மாறியவர்கள் முதலில் சந்திப்பது இதைத்தான். பழைய கார்களின் ஃபிளாஷர் வெப்பத்தால் இயங்குவது. பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் ஃபிளாஷருக்குள் உள்ள ஒரு கம்பியையோ ஈருலோகப் பட்டையையோ கடந்துதான் பல்புகளுக்குப் போகிறது. போகும் வழியில் அதைச் சூடாக்குகிறது. சூட்டில் அது நீளவோ வளையவோ செய்து தொடுமுனையை மாற்றுகிறது. குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வருகிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு 21 வாட் பல்புகள் என்றால் 42 வாட், அதாவது 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். ஃபிளாஷரின் கம்பி இந்த 3.5 ஆம்பியருக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. இரண்டு எல்இடிகளும் சேர்ந்து அரை ஆம்பியரைக்கூட எட்டாத நிலையில் அந்தக் கம்பி சூடாவதே இல்லை. ஃபிளாஷரின் உள்ளமைப்பைப் பொறுத்து, விளக்கு எரிந்தபடியே நிற்கும், அல்லது எரியாமலே நிற்கும்.

உறுதி செய்வது எளிது. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு எல்இடிகளையும் எடுத்துவிட்டுப் பழைய பல்புகளைத் திரும்பச் செருகுங்கள். அந்தப் பக்கம் ஒழுங்காகச் சிமிட்டினால் ஃபிளாஷர் நல்ல நிலையில் இருக்கிறது, மின்னோட்டம்தான் போதவில்லை என்று பொருள்.

தீர்வு இரண்டு. ஒன்று, மின்னோட்டத்தைச் சாராமல் தன் உட்சுற்றின் கணக்கில் சிமிட்டும் எலக்ட்ரானிக் ஃபிளாஷர். மற்றது, ஒவ்வொரு எல்இடிக்கும் இணையாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டுப் பழைய பல்பு இழுத்த மின்னோட்டத்தைப் பொய்யாக இழுப்பது. இரண்டாவதை நான் பரிந்துரைப்பதில்லை. வழக்கமாக விற்கப்படும் 6 ஓம் ரெசிஸ்டர், வண்டி ஓடும்போதுள்ள 14 வோல்ட்டில் 2.3 ஆம்பியர் இழுத்து 32 வாட்டுக்கு மேல் வெப்பமாக மாற்றுகிறது. சிமிட்டுவதால் பாதி நேரம் அணைந்திருக்கும் என்றாலும், நீண்ட சிக்னலில் நிற்கும்போது தொட முடியாத அளவுக்குச் சூடேறும். அறுபது ஆண்டு பழமையான துணி உறை வயருக்கு அருகில் அப்படியொரு பொருளை வைக்க மனம் ஒப்பவில்லை. வேறு வழியே இல்லாமல் போட நேர்ந்தால், பாடியின் உலோகத் தகட்டோடு திருகி இறுக்குங்கள். பிளாஸ்டிக், கம்பளம், வயர் எதுவும் அதைத் தொடக் கூடாது.

எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கும்போது முனைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பழையதில் மின்சாரம் வரும் முனையும் ஸ்விட்சுக்குப் போகும் முனையும்தான் கட்டாயம். ஆங்கிலேயக் கார்களில் இவை பெரும்பாலும் பி அல்லது எக்ஸ், மற்றும் எல் என்றும், ஜெர்மானியக் கார்களில் 49, 49ஏ என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். எலக்ட்ரானிக் வகைகள் பலவற்றில் 31 என்று குறித்த எர்த் முனை ஒன்று கூடுதலாக இருக்கும். அதற்குப் பழைய வயரிங்கில் இடமே இல்லை. எர்த் கொடுக்காமல் விட்டால் அது ஒருமுறைகூடச் சிமிட்டாது. பழைய மூன்று முனை ஃபிளாஷரிலும் மூன்றாவது முனை ஒன்று உண்டு, ஆனால் அது டாஷ்போர்டு விளக்குக்கு உரியது. இரண்டையும் ஒன்றென்று எண்ணி இணைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டுகிறது

இது சற்றுப் பிந்தைய காலத்துக் கார்களில், ஏற்கெனவே எலக்ட்ரானிக் ஃபிளாஷர் உள்ளவற்றில் வரும். ஒரு பல்பு போய்விட்டால் ஓட்டுநருக்குத் தெரியட்டும் என்று, மின்னோட்டம் குறைந்தவுடன் வேகத்தை இரட்டிப்பாக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. எல்இடி குறைவாக இழுப்பதை அது பல்பு போனதாக எடுத்துக்கொள்கிறது. எல்இடிக்கென்றே செய்த ஃபிளாஷரைப் போட்டால் தீரும். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட அளவு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சிமிட்டினால் காரணம் வேறு. அந்தப் பக்கம் ஒரு விளக்கு உண்மையிலேயே எரியவில்லை. இறங்கிப் போய்ப் பாருங்கள்.

ஒரு பக்கம் போட்டால் நான்கு விளக்கும் சிமிட்டுகின்றன

இந்தப் பிழையைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதற்காக ஃபிளாஷரையும் ஸ்விட்சையும் வயரிங்கையும் வீணாக மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒருமுறை ஃபிளாஷரை மாற்றியிருக்கிறேன்.

டாஷ்போர்டில் இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்கு மட்டும் உள்ள காரா என்று பாருங்கள். அந்த விளக்குக்கு எர்த் வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கார்களில் இருக்காது. அதன் ஒரு முனை இடப்பக்க இண்டிகேட்டர் வயரிலும், மறு முனை வலப்பக்க வயரிலும் இணைக்கப்பட்டிருக்கும். இடப்பக்கம் போட்டால் இடது வயரில் 12 வோல்ட் வருகிறது. அங்கிருந்து மின்னோட்டம் டாஷ்போர்டு விளக்கைக் கடந்து வலது வயருக்குப் போய், அங்கே அணைந்திருக்கும் வலப்பக்கப் பல்புகளின் இழை வழியாக எர்த்தை அடைகிறது. வலப்பக்கம் போட்டால் இதே பாதை தலைகீழாக நடக்கும். இரண்டே வயரில் இரண்டு பக்கத்தையும் காட்டிவிடும் அழகான சிக்கனம் அது.

வலப்பக்கப் பல்பு அப்போது ஏன் எரிவதில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 2.2 வாட் டாஷ்போர்டு பல்பு எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 65 ஓம். குளிர்ந்திருக்கும் 21 வாட் பல்பின் இழைத் தடை ஒரு ஓமுக்கும் குறைவு, அதுவும் இரண்டு பல்புகள் இணையாக. எனவே 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட முழுவதும் டாஷ்போர்டு விளக்கிலேயே விழுந்துவிடுகிறது. வலப்பக்க இழைகளுக்குத் தங்கள் வழியாக மின்சாரம் போனதே தெரியாது.

இப்போது அந்த இழை பல்புகளின் இடத்தில் எல்இடிகளை வையுங்கள். டாஷ்போர்டு விளக்கு வழியாக வரும் சொற்ப மின்னோட்டமே எல்இடிக்குப் போதும். அது எரிந்துவிடும். இடம் போட்டால் இடப்பக்கம் முழு வெளிச்சத்தோடும், வலப்பக்கம் சற்று மங்கலாகவும் சேர்ந்து சிமிட்டும். பச்சை விளக்கு எரியாது, அல்லது மிக மங்கலாக எரியும்.

சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். டாஷ்போர்டின் பச்சை விளக்கை ஹோல்டரிலிருந்து வெளியே இழுங்கள். நான்கும் சிமிட்டுவது உடனே நின்று ஒரு பக்கம் மட்டும் சிமிட்டினால் மேலே சொன்னதுதான் காரணம். நிற்காவிட்டால், நான்கு விளக்கையும் ஒன்றாகச் சிமிட்டவைக்க பிற்பாடு யாரோ சேர்த்த ஹசார்ட் ஸ்விட்சுக்குள் இரு பக்க வயர்களும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தீர்வுக்கு, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் இரண்டு தேவை. 1என்4001 வகையே தாராளமாகப் போதும். இடது வயரிலிருந்து ஒரு டயோடு, வலது வயரிலிருந்து ஒரு டயோடு, இரண்டின் கோடு போட்ட முனைகளும் ஒன்றாகச் சேர்ந்து டாஷ்போர்டு விளக்கின் ஒரு முனைக்குப் போக வேண்டும். விளக்கின் மறு முனையைப் புதிய வயர் மூலம் எர்த்தில் இணைக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் கார், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்த கார் என்றால் டயோடுகளைத் திருப்பிப் போட வேண்டும். ஹோல்டர் உலோகத்தால் ஆனதாக இருந்து, அதன் உடலே ஒரு முனையாக இருந்தால், அது டாஷ்போர்டுத் தகட்டைத் தொடுகிறதா இல்லையா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாட்டில் தொடாமல் காப்பிட்டு வைத்திருப்பார்கள். பற்றவைத்த டயோடுகளின் மேல் சுருங்கும் குழாயைப் போர்த்திச் சூடு காட்டினால் விரல் நுனி அளவில் அடங்கிவிடும், டாஷ்போர்டுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாது.

டயோடு போடாமல் டாஷ்போர்டு விளக்கையும் எல்இடியாக மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் முயல்வார்கள். எல்இடி ஒரு திசையில் மட்டுமே மின்சாரத்தை விடும். எனவே ஒரு பக்கத்துக்கு மட்டும் பச்சை விளக்கு எரியும், மறுபக்கத்துக்கு எரியாது.

எதுவுமே எரியவில்லை

பழைய பல்பு எரிந்த அதே ஹோல்டரில் எல்இடி எரியவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியின் எந்த முனை பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது? 1960களின் நடுப்பகுதி வரை வந்த ஆங்கிலேயக் கார்களில் பாசிட்டிவ் எர்த் பரவலாக இருந்தது. எம்ஜிபி போன்ற கார் 1967இல்தான் நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. இழை பல்புக்கு இது ஒரு பொருட்டில்லை, எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் எரியும். கடைகளில் கிடைக்கும் எல்இடி பல்பின் உலோக உடலோ நெகட்டிவாக இருக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. பாசிட்டிவ் எர்த் காரில் அது எரியாது. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் என்றால் எரியாமல் போவதோடு, தலைகீழாக மின்சாரம் பாய்ந்து உட்சுற்று கருகிவிடவும் கூடும். எனவே பாசிட்டிவ் எர்த்துக்கென்றே செய்தவற்றை, அல்லது இரு திசையிலும் எரியும் எல்இடிகளை வாங்குங்கள். காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிடலாம் என்பவர்கள், டைனமோவை மறுபடி துருவப்படுத்துவது, இக்னிஷன் காயிலின் இணைப்பைத் திருப்புவது, ஆம்மீட்டரின் வயர்களை மாற்றுவது, ரேடியோ முதலிய மின்னணுப் பொருள்களைக் கவனிப்பது எல்லாம் அதோடு சேர்ந்து வரும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கு பல்புகளுக்காகச் செய்யும் வேலை அல்ல அது.

இரண்டாவது காரணம் எர்த். பழைய விளக்குக் கூடு உலோகம். அது பாடியில் திருகப்பட்ட திருகு வழியாகவே எர்த் பெற்றுக்கொண்டது. புதிய கூடு பிளாஸ்டிக்காகவோ, ரப்பர் அடியட்டையின் மேல் உட்கார்வதாகவோ இருந்தால் அந்தப் பாதை இல்லை. அண்மையில் பெயின்ட் அடித்த கார் என்றால் உலோகக் கூட்டுக்கும் அதே கதி. அழகாக அடித்த பெயின்ட் முழுக் காப்பாக நின்றுவிடும். நீண்ட வயரின் ஒரு கிளிப்பைப் பேட்டரியின் எர்த் முனையிலும் மறு கிளிப்பை விளக்கின் எர்த் முனையிலும் மாட்டுங்கள். எரிந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர் இழுத்துப் பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் நட்டு போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிடுங்கள்.

வயர் எது என்று தேடுவோருக்கு ஒரு குறிப்பு. லூகாஸ் நிறுவனத்தின் வயரிங் உள்ள ஆங்கிலேயக் கார்களில் இடப்பக்கத்துக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலப்பக்கத்துக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு, ஃபிளாஷரிலிருந்து ஸ்விட்சுக்கு இளம்பச்சையில் பழுப்புக் கோடு, எர்த்துக்குக் கறுப்பு. பழைய வயரில் நிறம் மங்கியிருந்தால் கனெக்டரின் ஸ்லீவுக்குள் இருக்கும் பகுதியைப் பாருங்கள். வெயில் படாத அந்த ஒரு அங்குலத்தில் நிறம் அப்படியே இருக்கும்.

இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது

பின் இண்டிகேட்டரோடு டெயில் லாம்ப்பும் துடிக்கிறது, அல்லது பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது என்றால், ஒரே கூட்டில் உள்ள விளக்குகள் தங்கள் எர்த்தை இழந்துவிட்டன என்று பொருள். நேரான பாதை அடைபட்டதால் மின்சாரம் பக்கத்து இழை வழியாக எதிர்த் திசையில் பாய்ந்து எர்த்தைத் தேடிப் போகிறது.

விளக்கு எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி எர்த்திலும் மறு முனையை விளக்குக் கூட்டின் உடலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதில் எல்இடிக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எர்த்தில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய 21 வாட் பல்பு ஒன்றுக்கு 1.75 ஆம்பியர், அது ஏறக்குறைய 0.9 வோல்ட்டை அந்தத் தடையில் இழந்து கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். கால் ஆம்பியர் இழுக்கும் எல்இடிக்கு இழப்பு 0.12 வோல்ட்தான், பளிச்சென்று எரியும். கெட்டுப்போன எர்த் இப்படி மறைந்திருந்து, அதே கூட்டில் இன்னும் இழை பல்பாகவே உள்ள பிரேக் லைட்டை மங்கவைத்துக்கொண்டிருக்கும். ஆகையால் எர்த் சோதனையை எப்போதும் பழைய பல்பு எரியும் நிலையிலேயே செய்யுங்கள்.

இரட்டை இழை ஹோல்டரில் ஒற்றை இழைப் பல்பைத் திணித்தாலும் இதே அறிகுறி வரும். இரட்டை இழைப் பல்பான பிஏஒய்15டி வகையின் இரு ஊசிகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதும், மஞ்சள் பல்புக்கான பிஏயு15எஸ் வகையின் ஊசிகள் நேரெதிரே இல்லாமல் சற்றுத் தள்ளி இருப்பதும் தவறான பல்பு உள்ளே போகாமல் தடுக்கத்தான். ஊசியைத் தேய்த்துச் செருகியவர் யாராவது உங்களுக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரேக் மிதித்தால் புதிய மஞ்சள் விளக்கும் எரிகிறது

பல அமெரிக்கக் கார்களில் பின்னால் ஒரே சிவப்பு இழைதான் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும். பிரேக் வயர் நேராகப் பின்னால் போகாமல் ஸ்டியரிங் கம்பத்தில் உள்ள இண்டிகேட்டர் ஸ்விட்சுக்குள் நுழைந்து, சிமிட்ட வேண்டிய பக்கத்தை மட்டும் ஃபிளாஷருக்கு விட்டுக்கொடுத்து, மறுபக்கத்தில் பிரேக்காக எரியவைக்கும். 1950களின் ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் இதே வேலையை லூகாஸ் டிபி10 என்ற ரிலேப் பெட்டி செய்தது (ரிலே என்பது மின்சாரத்தாலேயே இயங்கும் ஸ்விட்ச்). ஆஸ்டின் ஹீலி கார் வைத்திருப்பவர்கள் அதை அறிவார்கள்.

இத்தகைய காரில் தனியாக ஒரு மஞ்சள் விளக்கைச் சேர்த்து ஸ்விட்சிலிருந்து பின்னால் வரும் வயரை அதற்குக் கொடுத்தால், பிரேக் மின்சாரமும் அந்த வயரிலேயே வருவதால் மஞ்சளும் எரியும். செய்ய வேண்டியது இது: பிரேக் ஸ்விட்சின் வயரை இண்டிகேட்டர் ஸ்விட்சிலிருந்து பிரித்து, புதிய வயர் ஒன்றை இழுத்து நேராக இரு சிவப்பு விளக்குகளுக்கும் கொடுங்கள். அதன் பிறகு இண்டிகேட்டர் ஸ்விட்சின் பின்பக்க வயர்களில் சிமிட்டும் மின்சாரம் மட்டுமே வரும். அவற்றை மஞ்சளுக்குக் கொடுக்கலாம். முன்பக்க வயர்களைத் தொட வேண்டியதில்லை.

இந்தப் பிரிப்பை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். பின்னால் வருபவர் சிவப்பு விளக்கு பிரேக்கா திருப்பமா என்று தீர்மானிக்க ஒரு கணம் எடுத்துக்கொள்கிறார்; அந்த ஒரு கணத்தில் அவர் வண்டி பல மீட்டர் நெருங்கிவிடுகிறது. பிரிட்டனில் 1965 செப்டம்பர் 1க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்கு முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் இன்றும் சட்டப்படி செல்லும். ஆனாலும் எல்லாக் காரிலும் மஞ்சளைப் பார்த்துப் பழகிய கண்களுக்குச் சிவப்புச் சிமிட்டல் சட்டென்று உறைப்பதில்லை.

செமஃபோர் கை பறவை இறக்கை போல அடித்துக்கொள்கிறது

மோரிஸ் மைனரில் 1961 வரையும், ஐரோப்பாவில் விற்ற ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 1960 வரையும், கதவுக்கு அருகிலிருந்து எழும் ஒளிரும் கைதான் இண்டிகேட்டராக இருந்தது. ஒரு மின்காந்தச் சுருள் கையைத் தூக்குகிறது, உள்ளே சிறு பல்பு எரிகிறது. சிமிட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை, ஃபிளாஷரும் இல்லை. கையை வைத்துக்கொண்டே விளக்குகளையும் சேர்க்க விரும்புபவர்கள், ஸ்விட்சுக்கு வரும் வயரின் நடுவில் ஒரு ஃபிளாஷரைச் சொருகுகிறார்கள். விளக்கு சிமிட்டும், கூடவே கையும் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் எழுந்து விழுந்து சில நாள்களில் மூட்டு தேய்ந்துவிடும்.

ஸ்விட்சுக்கு வரும் மின்சாரத்தைப் பழையபடி விட்டுவிடுங்கள். கைகளும் அதிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ரிலே வைத்து, அதன் சுருளைக் கைக்குப் போகும் வயரோடு இணையுங்கள். ஃபிளாஷருக்கு இக்னிஷனிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக மின்சாரம் கொடுத்து, ஃபிளாஷரின் வெளியீட்டை இரு ரிலேக்களின் தொடுமுனைகள் மூலம் அந்தந்தப் பக்க விளக்குகளுக்கு அனுப்புங்கள். இடம் போட்டால் இடது கை எழுந்து நிலையாக நிற்கும், இடது ரிலே மூடும், இடது விளக்குகள் மட்டும் சிமிட்டும்.

இதன் பிறகு புதிய ரிலேவோ எல்இடியோ அடிக்கடி போனால், கையின் சுருளைச் சந்தேகியுங்கள். சுருளுக்கான மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில் எதிர்த் திசையில் பெரிய மின்னழுத்தம் ஒன்று எழுகிறது. இழை பல்பு அதைப் பொருட்படுத்தாது, மின்னணுப் பொருள் தாங்காது. சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடைப் போடுங்கள். நெகட்டிவ் எர்த் காரில் கோடு போட்ட முனை மின்சாரம் வரும் பக்கம் இருக்க வேண்டும்.

எரிகிறது, ஆனால் பகலில் தெரியவில்லை

எல்இடி பல்பின் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பழைய விளக்கின் ரிஃப்ளெக்டர், குறிப்பிட்ட ஒரு புள்ளியில் இழை இருக்கும் என்று வைத்து வளைக்கப்பட்டது. நுனியில் மட்டும் எல்இடி உள்ள பல்பைச் செருகினால் நேரே பார்க்கும்போது கண் கூசும், சற்றே பக்கவாட்டில் நகர்ந்தால் அணைந்தது போல இருக்கும். இழை இருந்த உயரத்தில், பக்கங்களிலும் வெளிச்சம் வீசும் வகையைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் எல்இடியையே வையுங்கள். வெள்ளையை வைத்தால் அதன் நீலக் கூறு முழுவதும் கண்ணாடியில் வீணாகி, வெளிறிய எலுமிச்சை நிறம்தான் வெளியே வரும். உச்சிவெயிலில் விளக்கைப் போட்டுவிட்டு முப்பது மீட்டர் தள்ளிப்போய் நேராகவும் 45 பாகைக் கோணத்திலும் நின்று பாருங்கள். பழைய பல்பைவிட மங்கலாகத் தெரிந்தால் பழையதற்கே திரும்பிவிடுங்கள்.

6 வோல்ட் கார்களுக்கு இதில் பெரிய ஆதாயம் உண்டு. அங்கே ஒரு பக்கத்தின் 42 வாட்டுக்கு 7 ஆம்பியர் ஓட வேண்டும். வயரிலும் ஸ்விட்சிலும் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தாலே 6 வோல்ட்டில் 1.4 வோல்ட் போய்விடும். மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் இழை பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும் என்பதை வைத்துப் பார்த்தால், அந்தக் கார்களின் இண்டிகேட்டர் ஏன் எப்போதும் சோர்ந்தே எரிகிறது என்பது விளங்கும். 6 வோல்ட்டுக்கென்று செய்த எல்இடி அங்கே ஏறக்குறைய முழு வெளிச்சத்தையும் தரும்.

சிறு குறைகள்

வண்டி நின்றபடி ஓடும்போது சிமிட்டல் மெதுவாகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சரியாகிறது என்றால் அது டைனமோவின் இயல்பு. குறைந்த வேகத்தில் அது போதிய மின்சாரம் தருவதில்லை, வெப்ப ஃபிளாஷர் மின்னழுத்தத்தோடு சேர்ந்து மந்தமாகிறது. எலக்ட்ரானிக் ஃபிளாஷரில் இது வராது. ஆனால் சில எலக்ட்ரானிக் ஃபிளாஷர்களில் டிக் டிக் ஓசையும் வராது. பழைய கார்களில் ஸ்விட்ச் தானாகத் திரும்பாத வகையும் உண்டு என்பதால், ஓசையில்லாவிட்டால் திருப்பம் முடிந்து நெடுந்தூரம் இண்டிகேட்டர் சிமிட்டிக்கொண்டே போகும். உள்ளே ரிலே உள்ள, கேட்கும்படி அடிக்கும் வகையை வாங்குங்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரியதைப் போடாதீர்கள். லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய தட்டை ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழையதற்குப் பதிலாக 35 என்று எழுதிய தட்டை ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸ் போவதற்கு முன் வயர் எரிந்துவிடும்.

எல்லாம் முடிந்ததும் உள் அட்டைகளை மாட்டுவதற்கு முன், எஞ்சின் ஓடும் நிலையில் ஹெட்லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி, இடம் ஐந்து நிமிடம், வலம் ஐந்து நிமிடம் சிமிட்டவிட்டு, ஃபிளாஷரையும் ஒவ்வொரு புதிய இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பைப் பிரித்து மறுபடி போடுங்கள். கழற்றிய ஃபிளாஷரையும் பல்புகளையும் ஒரு பையில் போட்டு, எந்த வயர் எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டது, டயோடு எங்கே இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துக் காரிலேயே விட்டுவிடுங்கள். அடுத்து அந்த டாஷ்போர்டுக்குப் பின்னால் தலையை நுழைப்பவருக்கு அது தேவைப்படும்.